மத்தியானத்து மெயில்கள்

திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் அந்த அட்டவணை திரையில் வந்தபோது குழந்தை என் மடியில் இருந்தாள். கேழ்வரகுக் கூழ் பாதி ஊட்டியிருந்தேன். கேமராவில் கழுத்துக்கு மேல்தான் தெரிவேன் என்பதால், கிண்ணத்தையும் குழந்தையையும் மேஜைக்குக் கீழேயே வைத்துச் சமாளிப்பது எனக்குப் பழகியிருந்தது.

எங்களுடையது தி. நகரில் இருக்கும் ஒரு சின்ன ஏற்றுமதிக் கம்பெனி. வெளிநாட்டு ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் அனுப்புகிறோம். வாடிக்கையாளர் மெயில்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும், மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அதையும் 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்றுதான் கொடுத்தார்கள். குழந்தை புட்டிப்பால் குடிக்க மாட்டாள். மாமியாருக்கு முழங்கால் வலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அந்த அனுமதி போனால் வேலையும் போகும். இது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர். "ஒரு மணிக்கு மேல உன் வரிசையில ஒண்ணுமே இல்லையே."

அட்டவணையில் இடதுபுறம் எங்கள் பெயர்கள், மேலே மணி நேரங்கள். யார் எந்த மணியில் எத்தனை மெயில் அனுப்பினார்கள் என்ற கணக்கு. மற்றவர்களின் வரிசை காலை ஒன்பதில் தொடங்கி மாலை வரை நிரம்பியிருந்தது. என்னுடையது விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணியோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். மொத்த எண்ணிக்கையிலும் நான்தான் கடைசி.

அட்டவணையைத் தயாரித்தவர் எங்கள் பிரிவிலேயே மூத்தவர். சைதாப்பேட்டைக்காரர். கம்பெனி சர்வரையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சர்வரில் ஒவ்வொருவரும் அனுப்பும் மெயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நீண்ட கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்கு, எப்போது என்ற வரிகள் இருக்கும். ஹெடர் என்பது அதுதான். ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் எழுதி அந்த வரிகளை மட்டும் உருவி எடுத்திருந்தார்.

"இன்னா சிஸ்டர்," என்றார் அவர். "பாப்பாவுக்குத் தாலாட்டு பாடிக்கினே நீங்களும் தூங்கிடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமான சிரிப்பு இல்லை. அவரவர் இடத்தில் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் வாய்கள் மட்டும் திறந்து மூடின.

"இல்ல சார், மத்தியானமெல்லாம் அனுப்பிட்டுத்தான் இருக்கேன். என் ஃபோன்ல பாருங்க, ரெண்டே முக்காலுக்கு அனுப்பினது இருக்கு."

"போன்ல டைம இன்னா வேணா மாத்தலாம் சிஸ்டர். சர்வர்ல கீறதுதான் கணக்கு."

"நானும் ரெண்டு பெத்தவதான்மா," என்றார் மேனேஜர். "ரெண்டு பேரையும் விட்டுட்டு பஸ் பிடிச்சு ஆபீஸ் வந்தவ. யாரும் எனக்கு வீட்ல உட்கார்ந்து வேலை பாருன்னு சொல்லல. அடுத்த திங்கக்கிழமை பார்த்துட்டு முடிவு பண்றேன்."

குழந்தை மேஜைக்குக் கீழிருந்து கையை நீட்டி மேனேஜரின் முகத்தின் மீது கூழைத் தடவினாள். திரையைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று முழுக்க என்னை வதைத்தது அந்தச் சிரிப்பு இல்லை. விடியற்காலை நாலு மணிதான். நான் நாலு மணிக்கு எழுந்திருப்பது உண்மை. பால் கொடுக்கும் நேரம் அது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ஃபோன். அரைத் தூக்கத்தில் மெயில்களுக்குப் பதில் அனுப்பியிருப்பேனோ? அதை மறந்துபோய், மத்தியானம் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ? பிரசவத்துக்குப் பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். ஒரு தடவை துவைத்த துணியையே மறுபடியும் துவைத்திருக்கிறேன். ஃபோனில் மணி சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஃபோன் குழந்தையின் கையில் எத்தனை முறை போயிருக்கிறது, அவள் எதை எதை அமுக்கினாளோ? இப்படி நினைக்க நினைக்க, மத்தியானத்தில் நான் தூங்குவதாகவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. தலையணை என் கன்னத்தில் பட்ட சூடுகூட ஞாபகம் வந்தது.

கடைசியில் மாமியாரிடமே கேட்டேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மத்தியானத்துல நான் தூங்கறேனா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ எங்கடி தூங்கறே? கொழந்தை உன் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்துண்டே நிக்கறது. நீ ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்கறதில்ல. வெள்ளிக்கிழமை செருப்பை வாயில வச்சுண்டு இருந்துது. நான் இந்தக் காலோட தவழ்ந்து போய்ப் பிடுங்கினேன். அப்பவும் நீ தட்டிண்டுதான் இருந்தே."

"எத்தனை மணிக்கு?"

"எத்தனை மணின்னு வேற கேக்கறாளே! வாசல்ல கீரைக்காரி வர்ற நேரம். மூணு இருக்கும்." ஒரு அவரைக்காயின் நாரை உரித்துத் தட்டில் போட்டார். "தூங்கினாலாவது பரவாயில்லடி. கொழந்தை பக்கத்துல படுத்திருக்கும்."

ஆபீஸில் என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி வீட்டில் இப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தது. நான் தூங்கவில்லை. ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் செருப்பு நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் நான் படித்தது கணினி அறிவியல். மெயில் எழுதும் வேலைக்கு வந்தபின் அது எதற்கும் பயன்பட்டதில்லை. மேனேஜருக்கு ஃபோன் செய்து, என் மெயில் கோப்பையும் அந்த ஸ்கிரிப்ட்டையும் நான் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்டதும் பயமாகிவிட்டது. எதிர்த்துப் பேசுவதாக நினைத்துக்கொள்வாரோ?

"தாராளமா பாரு," என்றார். "உன்னோடது மட்டும் எதுக்கு, எல்லாருடையதும் எடுத்துக்கோ. தப்பு இருந்தா நீயே திருத்தி முழுசா அனுப்பு. இல்லைன்னா அதையும் சொல்லு."

ஸ்கிரிப்ட் பத்து வரிகூட இல்லை. தேதி என்று தொடங்கும் வரியை எடுக்கிறது, அதில் மணியை மட்டும் வெட்டுகிறது, எண்ணுகிறது. என் கோப்பைத் திறந்து, செருப்புச் சம்பவம் நடந்த நாளின் மெயில்களைத் தேடினேன். ஒன்றில் மணி 09:22 என்றிருந்தது. அதன் பக்கத்திலேயே +0000. இன்னொருவரின் கோப்பைத் திறந்தேன். அவருடைய தேதி வரிகளெல்லாம் +0530 என்று முடிந்தன.

அவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புகிறார்கள். அது இந்திய நேரத்தைப் போடுகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு ஃபோனிலிருந்து அனுப்புகிறவள் நான் ஒருத்திதான். என் ஃபோனில் இருக்கும் மெயில் செயலி, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் கிரீன்விச் நேரத்தைப் போட்டு, அது கிரீன்விச் நேரம் என்பதை +0000 என்று பக்கத்திலேயே எழுதியும் வைக்கிறது. ஸ்கிரிப்ட் மணியை வெட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 09:22 என்பது மத்தியானம் இரண்டு ஐம்பத்திரண்டு. கீரைக்காரி வருகிற நேரம்.

அழுகை வந்தது. குழந்தை என் முகத்தைப் பார்த்துத் தானும் உதட்டைப் பிதுக்கினாள்.

நேரத்தைத் திருத்தி எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டினேன். என் மத்தியானங்கள் நிரம்பின. ஆனால் மொத்த எண்ணிக்கையில் இன்னும் நான்தான் கடைசி. முதலிடத்தில் சைதாப்பேட்டைக்காரர், யாரும் எட்ட முடியாத உயரத்தில்.

அது எப்படி என்று அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுவதுண்டு. அவர் சொந்தமாக எழுதுவது குறைவு. வருகிற மெயிலை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். மேலே 'பார்க்கவும்' என்று ஒரு சொல், கீழே பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும். அந்தப் பழைய கடிதங்களிலும் யார், எப்போது என்ற வரிகள் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் அவற்றையும் ஹெடர் என்று எண்ணிக்கொண்டது. அவர் ஒரு மெயில் அனுப்பினால் அது ஏழெட்டு மெயிலாகக் கணக்கில் ஏறியது. என் செயலி பழைய கடிதத்தைச் சேர்ப்பதே இல்லை. எனக்கு ஒன்று என்றால் ஒன்றுதான்.

ஹெடர் எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே கிடையாது. முதல் வெற்று வரி வந்தால் முடிந்தது. அதற்குக் கீழே இருப்பது கடிதம். அந்த வெற்று வரியில் நின்றுகொள், அடுத்த மெயில் தொடங்கும்வரை எதையும் எண்ணாதே என்று ஸ்கிரிப்ட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். நான் நடுவுக்கு வந்தேன். அவர் கடைசிக்குப் போனார். அவருடைய மத்தியானங்கள் உண்மையாகவே காலியாக இருந்தன.

அனுப்புவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்து ஒரு செய்தி போட்டேன். உடனே கூப்பிட்டார். பின்னால் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், டைம் மேட்டர் நீங்க சொன்னது கரெக்டு. என் தப்புதான். மாத்திடுங்க. ஆனா அந்த ரெண்டாவது கீதுல்ல, அத அப்படியே விட்டுடுங்க."

"தெரிஞ்சுதான் அப்படி எழுதினீங்களா சார்?"

"இல்ல சிஸ்டர், சத்தியமா. நெட்ல எவனோ போட்டிருந்தான், எடுத்துப் போட்டேன். அப்பால பாத்தா என் நம்பர் ஏறிக்கினே போவுது. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்." பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. "நைனா படுத்த படுக்கையா கீறாரு. வலது பக்கம் வராது. மத்தியானத்துல திருப்பிப் போடணும், தொடச்சு வுடணும். வூட்ல வேற ஆள் இல்ல. சர்வர் வேலைன்னு சொல்லிக்கினு நானும் உங்கள மாதிரி வூட்ல இருந்துதான் ஓட்டிக்கினு இருக்கேன். நைனா விஷயம் மேடத்துக்குத் தெரியாது."

என்னைப் பார்த்துத் தாலாட்டு என்று சொன்னபோதும் இவர் அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்து அறையில் அவர் அப்பா.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்றேன். எதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

"விட்டுடுங்க சிஸ்டர்," என்றார் மறுபடி.

விட்டால் நான் கடைசி. மேனேஜர் முழுசாகத் திருத்தி அனுப்பு என்று சொல்லியிருக்கிறார். பாதி திருத்தி அனுப்பி, பிறகு யாராவது கண்டுபிடித்தால் நானும் சேர்ந்து ஏமாற்றியதாகிவிடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாமே உண்மைதான். ஸ்கிரிப்ட்டின் இரண்டு வடிவங்களும் என் முன்னால் இருந்தன. குழந்தை மடியில் ஏறி விசைப்பலகையைத் தட்ட வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகத் திருத்தியதை அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை புது அட்டவணை திரையில் வந்தது.

"பரவாயில்லையே," என்றார் மேனேஜர் என்னிடம். "நீ வீட்லயே இரும்மா. இனிமே வாரா வாரம் இதை நீயே போட்டுடு." பிறகு சதுரங்களில் சைதாப்பேட்டைக்காரரைத் தேடினார். "என்னப்பா இது? மத்தியானம் உன் கடை மூடியிருக்கு? உனக்கு யாரு தாலாட்டு பாடுறாங்க?"

எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அவர் நைனாவைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தினமும் ஆபீஸுக்கு வரும்படி மேனேஜர் அவரிடம் சொன்னார். "சரி மேடம்" என்றார்.

அப்போதுதான் திரையின் மூலையில் என் சதுரத்தைப் பார்த்தேன். மைக் அணைந்திருந்தது, கேமரா திறந்திருந்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சிரித்ததால் தானாக வந்துவிட்ட சிரிப்பு. அவர் கேமராவுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத்தானா என்று தெரியவில்லை. குழந்தை கீழேயிருந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்து, கை தட்டிச் சிரித்தாள்.