உதடு தெரியாத குரல்

கலைமதி யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பாள். செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர், வயது முப்பத்தொன்று. பல் போன கிழவர் முனகினாலும், மூச்சு வாங்கும் பெண் பாதியில் நிறுத்தினாலும் மீதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். "வாய மறைக்காம சொல்லுங்க தாத்தா" என்பது வார்டில் தினமும் கேட்கிற வசனம்.

காதில் குறை எதுவும் இல்லை. எழுபது பேரை அடைத்த வகுப்பில், இரைகிற மின்விசிறிக்குக் கீழே, கடைசி வரிசையில் படித்தவள். ஆசிரியரின் வாயசைவு தெரிந்தால்தான் ஆங்கிலப் பாடம் அங்கே வந்து சேரும்.

அந்த ஆங்கிலத்தை வைத்தே இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றின் வீடியோ நேர்காணலில் தேறினாள். "மூஞ்சி தெரிஞ்சுது சார், ஒரு வார்த்த உடல" என்றாள், அதே மருத்துவமனையில் கணக்கு எழுதும் என்னிடம். ஆனால் வேலைக்கு ஆங்கிலத் தேர்வும் வேண்டும். அதில் கேட்கும் பகுதிக்கு முகம் கிடையாது. ஹெட்போனில் ஒரே ஒரு தடவை ஓடும் குரல். இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் போயிற்று. மூன்றாவதும் போனால் அந்த இடம் வேறொருவருக்கு.

பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் பயிற்சி மையம் நடத்தும் ராமகிருஷ்ணன், மாணவர்களைக் காது, கண், கை என்று மூன்றாகப் பிரிப்பவர். "நீ கண்ணு கேஸும்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே ஒலிப்பதிவைத்தான் இவளுக்கும் கொடுத்தார். நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்தை மாற்றாத வைத்தியரை என்ன சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கோபப்படவில்லை. கேள்வியை முதலில் படி, பெயரையும் எண்ணையும் பிடி, விட்டதை விட்டுவிடு என்று அவர் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பேருந்துகள் ஹாரன் அடிக்க, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டாள். "விட்டத உட்டுடணுமாம் சார். பேஷண்டு சொல்றத அப்பிடி உட முடியுமா?" என்றாள் என்னிடம்.

மூன்றாவது முறையும் அரை மதிப்பெண். "அரதானம்மா, கேட்டா போட மாட்டாங்களா?" என்றார் அவள் நைனா தாண்டவராயன்.

அந்த இடம், அதே வார்டில் வேலை செய்யும், அதே நேர்காணலுக்குப் போயிருந்த ஜெயஸ்ரீக்குப் போனது. அவள் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலவழி. கிளம்பும் நாளில் கேக் வெட்டினார்கள். ஜெயஸ்ரீ கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடகடவென்று ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். கலைமதி அவள் வாயைப் பார்த்தபடி கேட்டுத் தலையசைத்தாள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு ஜெயஸ்ரீ. அதே ஸ்பீடுல" என்றாள்.

சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.