சீட்டும் சாவியும் இருந்தும் கிடைக்காத வண்டி

கான் தோ நகரத் துணிச் சந்தையில் எனக்குக் கடை இருந்த காலமெல்லாம் என் இரு சக்கர வண்டியைத் தியெப் அக்காவிடம்தான் விட்டேன். சந்தை வாசலில் தகரக் கூரை போட்ட வண்டி நிறுத்துமிடம் அவளுடையது. வண்டி உள்ளே வந்ததும் இருக்கையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவாள். அதே எண் போட்ட சீட்டைக் கையில் கொடுப்பாள். சீட்டு இல்லாவிட்டால் வண்டி கிடையாது. கூடப் பிறந்த தம்பி சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தபோதுகூட, வீட்டுக்குப் போய் வண்டிப் பத்திரத்தை எடுத்து வரச் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டாள். அவன் ஒரு மாதம் பேசவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அங்கே ஒரு வண்டிகூடக் களவு போனதில்லை.

ஒரு வருஷம் தெத் புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்பு. சந்தையில் கால் வைக்க இடமில்லை. மத்தியானம் நான் என் வண்டியை எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு ஆள், சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனான். ஒரு பழைய சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டி கிளம்பவில்லை. உதைத்தான், அப்போதும் இல்லை.

தியெப் அக்கா போய் முன் சக்கரத்தை மறித்து நின்றாள்.

"வண்டி உங்களுதா தம்பி?"

"சீட்டு காட்டுனேன், சாவி போட்டிருக்கேன். இன்னும் என்னக்கா வேணும்?"

"கிளப்பிக் காட்டுங்க, போதும்."

"பொண்டாட்டி வண்டி. நேத்துலேர்ந்தே மக்கர் பண்ணுது. தள்ளிட்டுப் போறேன், வழி விடுங்க."

"அப்ப அவங்களே வரட்டும்."

எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. மீன் கூடையோடு நின்ற ஒருவர், "சீட்டுதான் சட்டம்னு எங்க உயிர வாங்குவ. இப்ப சீட்டு இருந்தும் குடுக்க மாட்டியா? பித்துப் பிடிச்சுடுச்சா ஒனக்கு?" என்றார். வண்டியில் இருந்த ஆள் போலீஸைக் கூப்பிடுவேன் என்றான்.

"கூப்பிடுங்க. நானும் அவங்களத்தான் நெனச்சுட்டிருந்தேன்," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. முன் சக்கரத்தை விட்டு நகரவும் இல்லை. அவள் நினைத்தது தப்பாக இருந்தால் அத்தனை பேர் முன்னால் மானம் போயிருக்கும்.

அப்போது சந்தைக்குள்ளிருந்து குள்ளமாக ஒரு பெண் ஓடி வந்தாள். தாம் என்று பெயர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. பிளேடால் கிழிபட்ட கைப்பை தோளில் தொங்கியது. "அக்கா, என் சீட்டும் சாவியும் போச்சு, யாரோ பையக் கிழிச்சுட்டான்," என்று அழுதாள். நாங்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் அந்த ஆள் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான்.

அக்கா வண்டியை நிமிர்த்தினாள். ஆனால் கொடுத்துவிடவில்லை.

"அழுகைய அப்புறம் வெச்சுக்கோ. நீயும் கிளப்பிக் காட்டு."

சாவி வண்டியிலேயே இருந்தது. தாம் ஏறினாள். கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. கைப்பிடியை இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வண்டி உறுமியது. வரிசையில் சிரிப்பு எழுந்தது. மீன் கூடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எப்படிக்கா சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சொந்த வண்டியத் தேடுறவன் வண்டியப் பாப்பான். இவன் சீட்டப் பாத்துப் பாத்து, ஒவ்வொரு இருக்கையா நம்பரப் படிச்சுட்டுப் போனான். காலைல இந்தப் பொண்ண வண்டிய ஒரு வரிசை முன்னால எடுத்து விடச் சொன்னேன், இப்படி ஒடிச்சுத்தான் கிளப்புனா." சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை வாங்கினாள்.

அந்தத் தெத்துக்கு என் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர்கூட இந்தக் கதையைக் கேட்காமல் போகவில்லை. "எங்க சந்தைக்காரி ஒருத்தி" என்றுதான் ஆரம்பிப்பேன்.