நான் செய்யாத ஜெபம்

நாகர்கோவிலிலிருந்து ஹைதராபாத் ஹப்சிகுடாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஊரில் மாலையானால் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் எங்கள் வீட்டில் கூடி ஜெபிப்போம். இங்கே செகந்திராபாத்தில் ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்ததும் அவரவர் பஸ் பிடிக்க ஓடிவிடுவோம். மனதில் ஏதோ குறையாகவே இருக்கும்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா ஒருநாள் சபை வாட்ஸ்அப் குழுவில், "நாளைக்கு எனக்கு ஆபரேஷன், ஜெபிச்சுக்கோங்க" என்று போட்டிருந்தார். "கண்டிப்பா ஜெபிக்கிறேன் அக்கா" என்று அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதோடு மறந்தும் போனேன்.

ஒரு மாதம் கழித்து ஆராதனைக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்ப ரொம்பப் பயம். நீ ஜெபிக்கிறேன்னு நினைச்சதும்தான் தைரியம் வந்துச்சும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா. நான் ஜெபிக்கவே இல்ல."

அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு ஹைதராபாத் பேச்சு கலந்து, "அழுறது நக்கோ, அழாதம்மா. இப்ப ஜெபிக்கலாம், வா" என்று பெஞ்சில் உட்காரவைத்தார். "உனக்காக நான் என்ன கேட்கட்டும்?"

இந்த ஊரில் யாருமே என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஊருக்குப் போயிடணும்போல இருக்குக்கா" என்று உடைந்துவிட்டேன். அன்று இரண்டு பஸ்களை விட்டுவிட்டோம்.

இப்போதெல்லாம் ஜெபித்த பிறகுதான் பதில் அனுப்புகிறேன். மறுநாள் போன் செய்தும் விசாரிக்கிறேன். ஊர் ஏக்கம் போய்விடவில்லை. ஆனால், அதைச் சொல்லி அழ எனக்கு இங்கே ஓர் அக்கா இருக்கிறார்.