கரண்டு போன நல்ல நேரம்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொண்டையில் வந்த கட்டியை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் நின்று பேசினால் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்ட மனுஷர் அவர். வாயைத் திறந்து காற்று மட்டும் வெளியே வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தமிழ் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபரேஷனுக்கு அப்புறம் ஏற்றிய மருந்துகளில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், பேனாவைப் பிடித்தால் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி வருகிறது. போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. பெரிய கீபோர்டில் மட்டும் அந்தக் கை தடுமாறவே இல்லை. அதனால் கூடத்து மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர்தான் அவருக்கு வாயானது. திரையில் கொட்டை எழுத்தில் அடிப்பார், நான் உரக்கப் படிப்பேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும், போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்கும் அப்படித்தான் பதில் போகும்.

எங்கள் சண்டையும் அதில்தான் நடக்கும். மனசு நன்றாக இருக்கும் நாளில் கோர்ட்டுத் தமிழ் வந்துவிடும். "எதிர்மனுதாரர் இன்று வைத்த குழம்பில் உப்பு இல்லை என்பதை இம்மன்றத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று அடிப்பார். நான் அதை அவர் முன்னாலேயே முழுதாகப் படித்துவிட்டு, "மனு தள்ளுபடி, சாப்பிடுங்க" என்பேன்.

சிக்கல் நான் வீட்டில் இல்லாத நேரத்தில்தான். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை எனக்கு. காலையில் கல்லூரி பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அதுவரைக்கும் அவர் அடிப்பதைப் படிக்க ஆள் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. மறுபரிசோதனைத் தேதியை மாற்றச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் எடுத்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் நான் வந்ததும், "யாரோ கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார்கள்" என்று ஒரே வரி அடித்தார். அன்றைக்குக் கோர்ட்டுத் தமிழெல்லாம் இல்லை. ராத்திரி சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. நான் இல்லாதபோது அவருக்கு நெஞ்சு வலி என்றால் யாரிடம் எப்படிச் சொல்வார் என்ற பயம் அன்றைக்குப் பிடித்ததுதான், பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட விடவில்லை.

இதை லேபில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "நம்ம லேப்ல இருக்குல்ல லினக்ஸு, விண்டோஸ் மாதிரி இன்னொண்ணு, அதுல தமிழ்ல அடிச்சா அதுவே சத்தமா வாசிக்கும்மா. உங்க பழைய மெஷினுக்கும் தாங்கும். விண்டோஸ அழிக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துலயே இதையும் போட்டுக்கலாம்." ஒரு வரி அடித்து வாசிக்க வைத்தும் காட்டினார். பெட்டிக்குள்ளிருந்து தமிழ் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவரே ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் இவர் முகம் சுருங்கிப்போனது. "இருப்பதே போதும். இதுவும் போனால் நான் என்ன செய்வேன்?" என்று அடித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் அடிக்கும் தமிழ் சாப்ட்வேரை எந்தக் காலத்திலோ கோர்ட்டுப் பக்கம் ஒரு கடையில் ஏற்றியது. அந்தக் கடையும் இப்போது இல்லை, சிடியும் இல்லை. போனால் போனதுதான். ஆனாலும், "பழசு அப்படியே இருக்கும்ங்க, என்னை நம்புங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

லீவு நாளாகப் பார்த்து, தினசரிக் காலண்டரில் நல்ல நேரமும் பார்த்தேன். ராகுகாலம் இல்லை, எமகண்டம் இல்லை. பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவர் எழுதி வைத்த பைல்களை எல்லாம் வேறொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அக்கா கொடுத்த பென் டிரைவைச் சொருகி, சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஆரம்பித்த அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு வாய் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் வேலை ஹார்ட் டிஸ்கைப் பிரிப்பது. ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கிற மாதிரிதான் அது. அந்தச் சுவர் எழும்பி முடிகிற வரைக்கும் மெஷினைத் தொடவே கூடாது என்று அக்கா தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். திரையில் ஒரு கோடு எறும்பு ஊர்வதுபோல நகர்ந்தது. நான் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இவர் ஆரம்பித்தார். டம்ளரை எடுத்து மேஜையில் தட்டினார். காப்பி கேட்கிறார் என்று நினைத்து, "செத்த நேரம் பொறுங்க" என்றேன். மறுபடியும் தட்டினார். கடிகாரத்தைக் காட்டினார்.

"நேரமெல்லாம் பார்த்தாச்சு, நல்ல நேரந்தான்."

மின்விசிறியைக் காட்டினார். புழுக்கமாக இருக்கிறதோ என்று எழுந்து போய் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேண்டாம் வேண்டாம்னு காலையிலருந்து இதே பாடுதானா? நானே உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்காகத்தான பண்ணுதேன்? எம்புட்டுத்தான் நானும் தாங்குவேன்?"

அவர் வேகமாக உள்ளே போனார். அவர் கையில் பேப்பரோடு திரும்பி வருவதற்குள் மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. அதன் பாட்டரி பழசு. கோடு பாதிகூட வரவில்லை. நான் திரையைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஏ தாயே, ஆண்டாளே, செத்த நேரம், செத்த நேரம்" என்று என்னென்னவோ சொன்னேன். டப்பென்று அணைந்தது.

அவர் அன்றைய பேப்பரை என் மடியில் வைத்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். மாதாந்திரப் பராமரிப்பு, இன்று மின்தடை, எங்கள் பகுதியும் அதில் இருந்தது. ஊரே மாசத்துக்கு ஒருநாள் விடியுமுன் மாவாட்டி, தண்ணீர் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாள். காலண்டரில் நல்ல நேரம் பார்த்த புத்திசாலி, பேப்பரைப் பார்க்கவில்லை. நான் ஆரம்பித்த பிறகு அவர் பார்த்திருக்கிறார். தட்டியும் கை காட்டியும் அவரால் முடிந்த மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வாயை அணைத்துப்போட்டுவிட்டு, நான் அவரிடமே கத்தியிருக்கிறேன்.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாரு ஒரு மாதிரி உக்காந்திருக்காரு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இவர் மேஜைக்கு முன்னால் கீபோர்டின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

கரண்டு வந்ததும் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி இங்கிலீஷ். விண்டோஸ் வரவே இல்லை. அணைத்து அணைத்துப் போட்டும் அதே இரண்டு வரி. அக்காவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்க, பழசு இனி எந்திரிக்காது. பைலெல்லாம்தான் எடுத்து வச்சிருக்கீங்களே. முழு டிஸ்குலயும் லினக்ஸையே போட்டுருங்க" என்றார். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். என்னவோ செய் என்பதுபோலக் கையை விரித்தார். பழசு அப்படியே இருக்கும் என்று நான் சொன்ன வார்த்தை அந்த இடத்தில் செத்தது.

இந்தத் தடவை தடங்கல் இல்லாமல் ஏறியது. தமிழ் கீபோர்டைச் சேர்த்தேன். நானே 'அம்மா' என்று அடித்துப் பார்த்தேன், அழகாக வந்தது. "வாங்க, அடிங்க" என்றேன். அவர் வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைச் சற்று ஏற்றிக்கொண்டு, பழைய வேகத்தில் கடகடவென்று ஒரு வரி அடித்தார்.

திரையில் விழுந்தது ஒரு பாஷையும் இல்லை. சம்பந்தமில்லாத எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார். அப்போதும் குப்பைதான். நான் இங்கிலீஷ் எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்கிறவள். எனக்குத் தெரிந்ததையே அவருக்கும் வைத்துவிட்டேன். அவர் கை பழகியது டைப்ரைட்டர் கட்டைக்கு. கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் எழுத்தை அடிக்கும் கை அது. அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவதுபோலக்கூட முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எந்திரிக்காதீங்க, நான் பாக்கேன், நான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன். தமிழ் என்று போட்டு வரிசையாக என்னென்னவோ இருந்தன. ஒவ்வொன்றாக வைத்து அடிக்கச் சொன்னேன். குப்பை. அடுத்தது. அதுவும் குப்பை. இனி என்ன, இவரை ஆயுசுக்கும் ஊமையாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். இன்னும் கீழே போனால் டைப்ரைட்டர் என்றே ஒன்று இருந்தது. அதை வைத்தேன்.

அவர் ஒரு விரலால் கொம்பை அடித்தார். அடுத்த எழுத்து வந்து அதோடு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டது. அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அப்புறம் பத்து விரலும் இறங்கின. "பேப்பரைப் படிக்காத கழுதை" என்று வந்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய திட்டுகளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கியதில்லை.

"இருங்க, இதுக்குத்தான இம்புட்டுப் பாடும்" என்று சொல்லி, வாசிக்கும் பட்டனை அழுத்தினேன். ஸ்பீக்கரிலிருந்து, பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல், "பேப்பரைப் படிக்காத கழுதை" என்று வந்தது. அவர் அசையாமல் கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார்.

"பிடிக்கலையா? நான் இல்லாதப்ப யாரு வந்தாலும் நீங்க பேசலாம்ங்க. போன் வந்தாலும் பேசலாம்."

பேசலாம்தான் என்று அவர் தலையாட்டினார். திரும்பிக் கீபோர்டில் கையை வைத்து மெதுவாக அடித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து வர வர வாய்விட்டுப் படித்தேன்.

"நீ இல்லாதப்ப இது பேசட்டும். நீ இருக்கும்போது நீயே படி. நான் எந்த எடத்துல கோவப்படுவேன்னு ஒனக்குத்தான் தெரியும்."

கடைசி வரியைப் படித்தபோது என் குரல் அவர் குரல் மாதிரியே உயர்ந்தது. அவர் அடுத்த வரியை அடித்துவிட்டு, நான் படிப்பதற்காகத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்.