ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

இடது கை பெட்டியின் மூடியைத் தாங்கிப் பிடித்திருந்தது. வலது கை மீட்டரின் கறுப்பு முனையை எர்த் வயரில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையால் பலகையில் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனது. இடப்பக்கம் ஒரு தொடல், வலப்பக்கம் அதே இடத்தில் ஒரு தொடல். இரண்டு எண்ணும் ஒரே மாதிரி. அடுத்த புள்ளி. அங்கேயும் அதே. விரல்களுக்கு அவசரமில்லை. போன வாரமும் இதே பெட்டியை இப்படித்தான் தடவிப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்று அனுப்பி வைத்திருந்தன. இப்போது அது இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

"கொஞ்சம் மிஷினை நிறுத்துங்க," என்றாள்.

எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த கணவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். முன்னறை இருவருக்கும் பாதிப் பாதி. அவருடைய தையல் மிஷின் மோட்டார் ஓடினால் இவளுடைய ஹெட்போனில் 'கொர்' என்று ஒரு உறுமல் கேட்கும். அதனால் அவள் ஹெட்போனை மாட்டும்போதெல்லாம் அவர் ஊசி நூலைக் கையில் எடுத்துக்கொள்வார். பட்டன் வேலை எல்லாம் இவள் பெட்டி தயவில்தான் முடிகிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார்.

தெருவில் அவளுக்குக் காயில் அக்கா என்று பெயர். படிப்பு நின்றதும் டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றப் போனவள். பக்கத்து மேசையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் நடக்கும். யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்துப்போனது என்று மூலையில் எறிந்தவற்றை எடுத்துப் பிரிப்பாள், கை சுடும், மறுபடி பூட்டுவாள். ஒன்று பேசியது. பிறகு இன்னொன்று. பட்டறை ஊருக்கு வெளியே இடம் மாறியபோது, அவள் தன் ஈயத்தையும் பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் எடுத்துக்கொண்டு வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டாள்.

இப்போது அவள் கட்டுவது ஃபோனோ ப்ரீஆம்ப். இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி தருகிற சத்தம் கொசுவின் மூச்சு அளவுதான். போதாததற்கு, தட்டில் பதியும்போதே கனத்த சத்தங்களைச் சுருக்கியும் கீச்சுச் சத்தங்களைப் பெருக்கியும்தான் பதிந்திருப்பார்கள். இல்லாவிட்டால் வரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அந்த மூச்சைப் பேச்சாக்கி, சுருக்கியதை விரித்து, பெருக்கியதை அடக்கி, ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கிற சின்னப் பெட்டி அது. உள்ளே இடம், வலம் என்று இரண்டு பாதை. இரண்டும் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு கை நிறைய ரெசிஸ்டர்களை அளந்து பார்த்து, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போகிற இரண்டை மட்டும் எடுப்பாள். மீதி டப்பாவுக்குத் திரும்பிவிடும். கண்டென்சருக்கும் இதே கதிதான்.

அப்படிப்பட்ட பெட்டியைத்தான் இடப்பக்கம் சத்தம் கம்மி என்று ஒருவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவளுக்கு வாடிக்கைக்காரர்களைப் பிடித்துத் தருபவன் இரண்டு தெரு தள்ளிப் பழைய இசைத்தட்டு விற்கிற தட்டுக்கடைத் தம்பி. அன்று பெட்டியைக் கொண்டுவந்தவனும் அவன்தான். டிரைவர் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் சத்தம் போட்டதாகவும், கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் தன் ஆர்டரை ரத்து செய்துவிட்டதாகவும் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். பிறகு மென்று முழுங்கி விஷயத்துக்கு வந்தான்.

"மூணாவது தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, நான் கம்பெனி பெட்டியே வாங்கி வச்சுக்கறேன்க்கா. எனக்கு வேற வழி தெரியல."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். இரண்டு பக்கமும் தெளிவாகச் சமமாக இருந்தது. அதைச் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இருக்கட்டும்க்கா. இடப்பக்கத்த ஒரு பொட்டு தூக்கி விட்டுடுங்க. அவருக்கும் திருப்தி, நமக்கும் தலைவலி விட்டுது."

"கோணலா தச்சுக் குடுக்கச் சொல்றியா?"

சுவரோரத்திலிருந்து கணவர் பட்டனைப் பல்லில் கடித்துக்கொண்டே குறுக்கிட்டார். "ஒரு தோள் இறங்கினவனுக்கு நான் கோணலாத்தான் தைக்கிறேன்."

"அளவு எடுத்துட்டுத்தானே தைக்கிறீங்க?"

"பின்ன?"

"அப்ப நானும் போய் அளவு எடுத்துட்டு வரேன்," என்று மூடியைப் பூட்டினாள்.

தம்பி கூட்டிப்போன டிரைவர் வீட்டுக் கூடம் பஸ்ஸைப் போலவே ஒழுங்காக இருந்தது. ஒரு சுவரில் இரண்டு ஸ்பீக்கர்: ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று கதவுப் பக்கம். எதிரே சரி நடுவில் ஒரே ஒரு நாற்காலி; உட்கார்ந்தால் இடப்பக்கம் ஜன்னல். அதன் வலப்பக்கத்தை ஒட்டி இசைத்தட்டு அலமாரி. ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்தான் அவருடைய வழக்கு. வயலின் அங்கேயிருந்து வரவேண்டிய பாட்டில், வாசிக்கிறவர் அடுத்த தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். வேலையில் இருந்தபோது பாட்டுக் கேட்க நேரமே கிடைக்கவில்லை, இப்போது நேரம் இருக்கிறது, பாதிப் பாட்டுதான் கிடைக்கிறது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை.

அவள் முதலில் தன் பெட்டி வழக்கமாக எங்கே இருக்கும் என்று கேட்டாள். ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் என்றார். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமலை ஊட்டும் என்று சொல்லி, பெட்டியைத் தள்ளிக் கீழ்த்தட்டில் வைத்தாள். டர்ன்டேபிளிலிருந்து வந்த எர்த் வயரைத் திருகின் அடியில் செருகி இறுக்கினாள். சிவப்பு வயரை வலப்பக்கத்திலும் வெள்ளை வயரை இடப்பக்கத்திலும் மாட்டி, தட்டு ஓடாமலே ஒலியைக் கடைசிவரை கூட்டிக் காட்டினாள். கூடம் அமைதியாக இருந்தது.

ஒலியைக் குறைத்துப் பாட்டை வைத்ததும் டிரைவர் முகம் மலர்ந்தது. "அந்த உறுமல் போயே போச்சு. ஆனா ஜன்னல் பக்கம் அப்படியேதாம்மா இருக்கு."

இனி அவளுடைய பழைய முறைதான். எங்கே சந்தேகமோ அங்கே இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போடு. குறை பக்கம் மாறினால், குற்றவாளி அந்த இடத்துக்கு முன்னால் இருக்கிறான். மாறாவிட்டால், பின்னால் போய்த் தேடு. பெட்டியிலிருந்து வெளியே போகிற சிவப்பையும் வெள்ளையையும் மாற்றினாள். குறை ஜன்னல் பக்கமே என்றார். ஊசியும் அவள் பெட்டியும் தப்பித்தன. ஸ்பீக்கர் வயர்களை மாற்றினாள். ஜன்னல் பக்கமே. தம்பியை ஒரு கை பிடிக்கச் சொல்லி ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தாள். ஜன்னல் பக்கமே. ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்தாள். ஊஹூம். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் சமமாகவே கேட்டது.

"உன் பெட்டிம்மா, உனக்கு நல்லாத்தான் கேக்கும்," என்றார் டிரைவர். "தம்பி, நீ சொல்லேன்."

தம்பி தொண்டையைச் செருமி, தனக்கும் ஜன்னல் பக்கம் லேசாகக் கம்மியாகத்தான் படுகிறது என்றான்.

அப்போது டிரைவரின் மனைவி ஜன்னலை ஒட்டியிருந்த சமையலறையிலிருந்து டீயோடு வந்தார். நாற்காலியின் இடப்பக்கம் தாராளமாக வழி இருந்தது. அந்தம்மாள் அந்தப் பக்கம் நிற்காமல், சுற்றிக்கொண்டு போய், அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒடுங்கி நின்று, கணவரின் வலத்தோள் அருகே குனிந்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார். பழகிப்போன காலுக்கு அது சுற்றுவழியாகவே தெரியவில்லை.

காயில் அக்கா டீயை வாங்கிக் கீழே வைத்தாள். மாற்றிப் போடாத சாமான் இன்னும் ஒன்று இந்தக் கூடத்தில் பாக்கி இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க," என்று நாற்காலியை அப்படியே திருப்பி வைத்தாள். "இப்ப ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க."

அவர் ஏதோ விளையாட்டு என்பது போல உட்கார்ந்தார். அதே பாட்டை வைத்தாள்.

"எந்தப் பக்கம் கம்மி?"

"கதவுப் பக்கம்," என்றார் டிரைவர் உடனே. சொன்ன வாய் மூடவில்லை. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு வலது உள்ளங்கையைத் தூக்கி வலது காதை மூடினார். கையை எடுத்தார், மறுபடி மூடினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்ஜின் மூடி இந்தப் பக்கம்தான் இருக்கும்," என்று இடது காதைத் தொட்டார். "சர்வீஸ் பூரா என் காதோரம் கத்திக்கிட்டே வந்தான்."

அவர் மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்கன்னு எத்தனை சண்டை போட்டேன்," என்றார் மெதுவாக.

"பாதிச் சண்டைதான் எனக்குக் கேட்டுச்சு," என்ற டிரைவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்கும் கம்மின்னியே, நீ எந்த ரூட்ல ஓட்டின?"

தம்பி டீயில் முகத்தை ஒளித்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் டிரைவர் ஸ்பீக்கர்களைப் பார்த்தார். பெட்டிமேல் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன், கடைக்கு வந்து அதே நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, இனிமேல் தனக்குப் பாதிப் பாட்டுதான் போலிருக்கிறது என்றார்.

"முதல்ல காது டாக்டரைப் பாருங்கண்ணே," என்றபடி அவள் வயர்களைக் கழற்றினாள். "பெட்டி என்கூட வரட்டும்."

வீட்டில் அதைத் திறந்து, முன்பக்கத் தகட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டாள். இடத்தையும் வலத்தையும் நேராக முடிச்சுப் போட்டால் ஒன்றையொன்று இழுத்துக் கெடுத்துவிடும். அதனால் பக்கத்துக்கு ஒன்றாக, ஒத்துப்போகிற இரண்டு ரெசிஸ்டரைத் தேடிப் பிடித்து, அவற்றின் வழியாக இரண்டு பாதையையும் ஒரு சுவிட்ச்சில் சேர்த்தாள். சுவிட்ச்சைக் கீழே தள்ளினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். எந்தக் காதுக்கும் எதுவும் குறையாது. மேலே தள்ளினால் பழையபடி தனித்தனி. ஹெட்போனை மாட்டினாள். அவள் கேட்பதற்கு முன்பே மிஷின் நின்றது.

பெட்டியோடு அவள் மறுபடி போனபோது, டாக்டர் சொன்னதை டிரைவர் தன் வாசலிலேயே ஒப்பித்துவிட்டார்: போன காது போனதுதான், இருக்கிற காது நல்ல கல்லு மாதிரி இருக்கிறது. அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கீழ்த்தட்டில் வைத்து, எர்த் வயரை இறுக்கி, வயலின் பாட்டை வைத்தாள். சுவிட்ச் மேலே இருந்தது. டிரைவர் பழையபடி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார். அவள் சுவிட்ச்சைக் கீழே தள்ளினாள்.

நீட்டிய கழுத்து அப்படியே நின்றது. பிறகு நேராகி, நாற்காலியில் சாய்ந்தது.

"வந்துட்டார்மா, வயலின்காரர்," என்றார், பாட்டு முடிந்து அவள் ஊசியைத் தூக்கியதும். "மிருதங்கத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கார்."

அவர் மனைவி பெட்டியின் அருகில் வந்து குனிந்து பார்த்தார். தான் தனியாகக் கேட்கும்போது என்ன செய்வது என்று கேட்டார்.

"மேல தள்ளினா உங்களுக்கு அண்ணி, கீழ தள்ளினா அண்ணனுக்கு," என்று காயில் அக்கா அவர் விரலைப் பிடித்துச் சுவிட்ச்சின் மேல் வைத்தாள். அவர் ஒரு தடவை மேலே தள்ளிப் பார்த்தார், ஒரு தடவை கீழே. பிறகு அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.