நோ பத்துக்கு எத்தனை?

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். பிரான்சில் தாதியாவதற்கும் பத்துத் தகுதி பார்க்கிறார்கள். 2009இல் வந்த பாடத்திட்டம் அது. பத்துக்கும் பயிற்சிக் கொப்பியில் பத்துக் கட்டம் உண்டு. ஒன்று வெறுமையாகக் கிடந்தாலும் பட்டம் கிடையாது.

வசந்தரூபிக்கு ஒன்பது கட்டங்கள் நிரம்பிவிட்டன. ஆறாவதுதான் இடக்குப் பண்ணியது. நோயாளியோடு பேசுவது, அவ்வளவுதான். நாற்பது வயதில் படிக்க வந்தவளுக்கு இது ஒரு சோதனையா என்று சிரிக்கலாம்.

"உங்கள் கையில் குறையில்லை. ஆனால் வலிக்கிறதா என்று ஏன் கேட்பதே இல்லை?" பயிற்சியைப் பார்க்கும் வின்சன்ற் மூன்று முறை கேட்டுவிட்டார். அவள் குனிந்து அடுத்த கட்டை அவிழ்த்தாள்.

இன்று பயிற்சியின் கடைசி நாள். பாரிஸ் புறநகர் லா கூர்னெவ்வில் ரயில் ஏறியவள் சன்னலில் சாய்ந்து கண் அயர்ந்தாள். பத்துக் கட்டங்களும் பனிமூட்டத்தில் மிதந்து வந்தன. ஆறாவதுக்குள் வன்னிப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு அழியாமல் இருக்க, வாங்குப் பலகைகளில் காயக்காரர் படுத்திருந்தார்கள். அதுவும் 2009தான், போரின் கடைசி மாதங்கள். தொடக்கத்தில் அவள் "நோகுதோ?" என்று கேட்டுத்தான் கட்டு மாற்றினாள். "ஓம் பிள்ளை, ஏதாவது தா," என்றாள் ஒருத்தி. விழுங்கக் கொடுக்க ஒரு குளிசை இல்லை. அதன்பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவுமில்லை.

லா சப்பல் பக்கத்து ஆஸ்பத்திரியில் தவரத்தினம் காத்திருந்தார். ரூ காய் தெரு உணவகமொன்றில் இருபது வருசம் நின்றபடி கோப்பை கழுவிய மனிதர். காலில் ஆறாத புண். வின்சன்ற் கொப்பியோடு வாசலில் நின்றார்.

"அண்ணை, கட்டு அவிழ்க்கப்போறன். நோ பத்துக்கு எத்தனை?"

"பரவாயில்லை தங்கச்சி."

இந்த ஒரு சொல்லைச் சொல்லியே நம் சனம் எத்தனை நோவைத் தாண்டிவிட்டது! அவள் கை பழக்கத்தில் கட்டுக்குப் போய், பாதியில் நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது.

"பரவாயில்லைக்கு இஞ்சை நம்பர் இல்லை அண்ணை. எத்தனை?"

"சொன்னால் என்ன செய்யப்போறாய்?"

அவள் கட்டை விட்டுக் கையை எடுத்தாள். "எட்டு," என்றார் அவர்.

அவள் பிரெஞ்சில் சொன்னாள். வின்சன்ற் மருத்துவர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக மருந்துப் பெட்டிகள். குளிசையைக் கொடுத்தபின் அரை மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கட்டைத் தொடாமல் அவள் கதிரையில் அமர்ந்திருந்தாள். வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டியது. வின்சன்ற் கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஏன் தங்கச்சி அழுறாய்?"

"மருந்து இருக்கு அண்ணை," என்றாள்.