எனக்கு மட்டும் என்று நினைத்த சொல்

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து என் வலது முட்டி நொறுங்கியது. ஆபரேஷன் முடிந்ததும் திருவொற்றியூரில் ஒரு சின்ன பிசியோதெரபி மையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்தேன். அப்போது எனக்கு முப்பத்தி நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை.

அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். முட்டியை மடக்கினால் நான் கத்துவேன். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை சார், எனக்காக" என்பாள். அதற்கு முன் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த 'எனக்காக'வை நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

"காலு ஒடிஞ்சவனுக்கு சென்ட்டு இன்னாத்துக்குடா?" என்று அம்மா கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் ஒருவன் வந்து சேர்ந்தான். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். வலை இழுக்கும்போது தோள்பட்டை கழன்றிருந்தது. என் நேரம் முடிந்ததும் அவன் நேரம். முதல் நாள் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது: "இன்னும் ஒரே ஒரு தடவை சார், எனக்காக."

மாட்டிய செருப்பைக் கழற்றினேன். அதன்பிறகு என் வேலை முடிந்தும் கால் வலிக்கிறது என்று சொல்லி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். அவன் தோளுக்கு ஐஸ் வைக்கும்போது அடியில் துண்டை மடித்து வைத்தாள். எனக்கு அப்படி வைத்தாளா என்று யோசித்தே இரண்டு நாள் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடையில் அவனைப் பிடித்தேன். "மேடம் பதினஞ்சு நாளு லீவு தோஸ்து. அதுவரைக்கும் உன்ன வரவாணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். அவன் போன் ரிப்பேரில் இருப்பது எனக்குத் தெரியும். "சரி மாமு" என்று போய்விட்டான்.

அந்தப் பதினைந்து நாளும் அவள் என்னிடம்தான் இருந்தாள். ஆனால் கண் வாசலில் இருந்தது. "அவர் ஏன் வரலைன்னு தெரியுமா சார்? தோள் இறுகிடுமே" என்று தினமும் கேட்டாள். வராதவன் மேல் இன்னும் பொறாமை வந்தது. தெரியாது என்றே சொன்னேன்.

அவன் திரும்பி வந்தபோது கை பாதிக்கு மேல் எழவில்லை. தூக்கிவிட்டால் அழுதான். நான் சொன்ன பொய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தது. அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"உங்கள எனக்குப் புடிச்சிகீது. அவன் வர்றது புடிக்கல."

திரையை இழுத்து மூடினாள். "வலி குறையும்போது பக்கத்துல இருக்கிறவங்க மேல இப்படித் தோணும் சார். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரோட கையைக் கெடுத்துட்டீங்க."

மறுநாளிலிருந்து எனக்கு ஓர் ஆண் பயிற்சி கொடுத்தார். "மடக்குங்க" என்பார், அவ்வளவுதான்.

அடி விழும் என்று தெரிந்தேதான் மன்னிப்புக் கேட்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அவன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"அடிக்கலாம்னுதான் நெனச்சேன். கை தூக்க முடில" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அவங்க மேல ஒரு இதுதான் மாமு. நீ வரவாணாம்னு சொன்னப்போ ரெண்டு நாளு சோறே எறங்கல" என்றான்.

அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். "அவங்களுக்குத் தெரியுமா? இன்னா சொன்னாங்க?" என்றுதான் வாயில் வந்தது.

"நான் எங்க சொன்னேன்" என்றான்.

என் முட்டி சரியாகிவிட்டது. அவன் கை இன்றைக்கும் காதுக்கு மேல் போகாது. படகுக்குப் போவதை விட்டுவிட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறான். விபத்தால் வந்தது என்று எல்லோரிடமும் சொல்கிறான். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படியே சொல்கிறான்.

போன வருடம் அவள் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினான். அவனுக்கு வைத்திருக்கிறாள், எனக்கு வைக்கவில்லை. அவன் போய்விட்டு வந்தான். மாப்பிள்ளை பார்க்க எப்படி இருந்தான் என்று மறுநாள் காலையிலேயே போன் போட்டுக் கேட்டேன்.